படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது?

ஜனவரி 9 (ஒரு வாசகரின் கேள்வி)

திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் வாழ்க்கைப் பாடம் கற்றுத்தருகின்றன என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அழுதிருக்கிறேன், கைதட்டியிருக்கிறேன். மறுநாள் காலையில் அதே ஆளாகத்தான் எழுந்திருக்கிறேன். படம் பார்த்து மாறிய ஒருவரையாவது காட்ட முடியுமா? வசனம் எதையும் எடுத்துப் போடாதீர்கள். பார்த்துவிட்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

ஒருவரைக் காட்டச் சொல்கிறீர்கள். என்னையே காட்டுகிறேன்.

அப்பாவுக்கு 68 வயதில் காது மந்தமாகத் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில் முழுதாகப் போய்விட்டது. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். இரைச்சல் தாங்கவில்லை என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஆனால் இரவில் தொலைக்காட்சி பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான் என்பதால், எல்லாரும் தூங்கிய பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பார். தூக்கம் வராத இரவுகளில் நானும் பக்கத்தில் உட்காருவேன்.

முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா மட்டும் கதையைப் பிசகில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார். "இந்தப் பெண்ணுக்கு விஷயம் முன்பே தெரியும்" என்றார் ஒரு நாள். எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "அவன் சொன்னபோது அவள் புருவத்தைத் தூக்கினாள். ஆனால் கொஞ்சம் தாமதமாகத் தூக்கினாள்" என்றார். அரை மணி நேரம் கழித்து அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

அதன் பிறகுதான் கவனித்தேன். ஒலியை எடுத்துவிட்டால் பேசுகிறவர் முகத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. வாய் அசைகிறது, அவ்வளவுதான். கதை நடப்பது கேட்கிறவர் முகத்தில். நல்ல படத்தொகுப்பாளர் வசனம் முடியும்வரை காத்திருப்பதில்லை. பாதி வாக்கியத்திலேயே பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைக் காட்டிவிடுகிறார். இத்தனை ஆண்டுகளாக அது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. வசனத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்ததால் நான் பார்க்கவில்லை.

என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். அலுவலகத்தில் பன்னிரண்டு பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதுவரை பேசும்போது என் குறிப்பேட்டைப் பார்த்துப் பேசுவேன். அப்பாவுடன் உட்கார்ந்த அந்த இரவுகளுக்குப் பிறகு, ஒரு வாக்கியம் சொன்னதும் நிறுத்தி, கேட்கிறவர்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நாள் எல்லாரும் தலையசைத்தார்கள். ஓரத்தில் இருந்த இளைஞரின் தலையசைப்பு மட்டும் மற்றவர்களைவிடப் பிந்தி வந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கொடுத்த வேலை அவருக்குப் புரியவே இல்லை. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று சும்மா இருந்திருக்கிறார். இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து பேசினோம்.

இது சின்ன விஷயம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்குச் சின்னது இல்லை. இருபது ஆண்டுகளாக எத்தனை பிந்திய தலையசைப்புகளைத் தவறவிட்டிருப்பேன்!

ஜனவரி 10

எல்லாப் படத்தையும் ஒலியில்லாமல் பார்க்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே பார்த்த படத்தில் ஒரு காட்சி, பத்து நிமிடம், இருவர் பேசும் காட்சியாக இருந்தால் நல்லது. அது போதும்.

ஜனவரி 14

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது உறுத்தியது. முகத்தைப் பார்த்தால் உள்ளம் தெரிந்துவிடும் என்பதுபோல் எழுதிவிட்டேன். அப்படி இல்லை என்பதையும் எனக்குத் திரைதான் கற்றுக்கொடுத்தது.

சோவியத் நாட்டில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகம். அதை அடுத்து ஒரு கிண்ணம் சூப். மறுபடி அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. மறுபடி அதே முகம், அடுத்து பொம்மையோடு விளையாடும் சிறுமி. பார்த்தவர்கள் நடிகரைப் பாராட்டினார்களாம்: பசியை எப்படிக் காட்டுகிறார், துயரத்தை எப்படிக் காட்டுகிறார், பாசத்தை எப்படிக் காட்டுகிறார்! முகம் மூன்று இடத்திலும் ஒன்றேதான். பசியையும் துயரத்தையும் பாசத்தையும் போட்டவர்கள் பார்த்தவர்கள்.

இதை நான் வாசித்த அதே மாதம் வீட்டில் ஒன்று நடந்தது. தொலைபேசியில் ஒருவரோடு கடுமையாகப் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எதிரே என் மனைவி ஒன்றும் பேசாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசியது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிகிறது என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன குறை கண்டுவிட்டாய்?" என்று சத்தம் போட்டேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். காலையிலிருந்து பல்வலி. நான் பேசிய ஒரு சொல்கூட அவள் காதில் விழவில்லை.

அவளுடைய முகத்துக்கு முன்னால் என் தொலைபேசிச் சண்டையை நானே ஒட்டவைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. யாருடைய முகமாவது என்னைக் குற்றம் சொல்வதுபோல் தோன்றினால், இதற்கு முந்தைய காட்சி என்ன, நான் எதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பாதி நேரம் பதில் என்னிடமே இருக்கிறது.

எனவே ஜனவரி 9 அன்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். முகத்தைப் பார்ப்பது பாதி வேலை. பார்த்ததைக் கேட்டு உறுதி செய்துகொள்வது மீதிப் பாதி. அந்த இளைஞரைக் கூப்பிட்டுக் கேட்டதால்தான் அது பயன்பட்டது.

ஜனவரி 15

குலெஷோவ் பற்றி ஒரு திருத்தம். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. சூப், சவப்பெட்டி, சிறுமி என்பது அவருடைய மாணவரும் பின்னாளில் பெரிய இயக்குநராக ஆனவருமான புடோவ்கின் சொன்ன விவரம். சிறுமிக்குப் பதிலாகச் சாய்ந்து படுத்திருக்கும் பெண் என்று சொல்லும் விவரிப்புகளும் உண்டு. முகம் மாறவில்லை, பார்த்தவர்கள் மாற்றினார்கள் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

ஜனவரி 22

பதினைந்து வயது மகளோடு '12 ஆங்ரி மென்' மறுபடி பார்த்தேன். 1957இல் சிட்னி லூமெட் எடுத்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் குற்றவாளியா இல்லையா என்று, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டு நடுவர்கள் கூடி முடிவு செய்யும் கதை. கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறையில் நடக்கிறது. முக்கால் படம் போனதும் மகள் கேட்டாள்: "அந்த அறை சின்னதாகிவிட்டதா அப்பா?" அவள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்துபோனேன். லூமெட் தொடக்கத்தில் அகன்ற கோண லென்ஸில், கண்மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார். படம் போகப்போக லென்ஸின் குவியத் தொலைவைக் கூட்டிக்கொண்டும் கேமராவைத் தாழ்த்திக்கொண்டும் வந்தார். சுவர்கள் நெருங்கி வருகின்றன, கடைசியில் கூரையும் தெரிகிறது. அறை மாறவே இல்லை.

நான் சொல்லவந்தது வேறு. முதல் வாக்கெடுப்பில் பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் இல்லை என்கிறார். அந்த ஒருவர், பையன் நிரபராதி என்று ஒருபோதும் வாதிடுவதில்லை. எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் பேசிப் பார்ப்போம் என்றுதான் கேட்கிறார். இளைஞனாக முதலில் பார்த்தபோது அவரை வீரராக நினைத்தேன். நாற்பது வயதுக்கு மேல்தான் அவர் கேட்டது எவ்வளவு சின்னது, அதைக் கேட்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை பணம் குறைந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர்மேல் சந்தேகம். ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழுவில் நானும் ஒருவன். நான்கு பேர் முடிவெடுத்துவிட்டார்கள், கையெழுத்துதான் பாக்கி. எனக்கு அவர் எடுக்கவில்லை என்று நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் எடுத்தார் என்பதற்கும் ஒன்றும் இல்லை. "எனக்குத் தெரியவில்லை, ஒரு மணி நேரம் பேசலாமா?" என்றேன். சொல்லும்போது தொண்டை வறண்டுவிட்டது. ஒரு மணி நேரம் மூன்று நாளாயிற்று. கடைசியில் சான்று போதாது என்று எழுதி மூடினோம்.

பணம் எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. அவர்தான் எடுத்தார் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இப்போதும் தெரியவில்லை என்பதுதான் பதில்.

ஜனவரி 23

நேற்று பெருமையாக எழுதி முடித்துவிட்டேன். மீதியையும் எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடும்.

அந்தப் படத்தில் ஒரு கத்தி வருகிறது. வழக்கில் காட்டப்பட்ட கத்தி அபூர்வமானது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்த ஒருவர் தன் பையிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்து மேசையில் குத்துகிறார். தானே அந்தப் பகுதிக்குப் போய் வாங்கியதாகச் சொல்கிறார். அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சிலிர்த்துப்போயிருக்கிறேன். ஆனால் உண்மையான அமெரிக்க நீதிமன்றத்தில் நடுவர் குழுவில் இருப்பவர் இப்படித் தானே போய் விசாரிக்கக் கூடாது. நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சான்றை மட்டுமே பார்க்க வேண்டும். வெளியே தெரிந்தால் வழக்கு விசாரணையே செல்லாமல் போகக்கூடும்.

நானும் ஒரு கத்தி வாங்கினேன். அந்தப் புதியவர் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் குழுவுக்குச் சொல்லாமல் போய், அவர் எப்படிப்பட்டவர், கடன் ஏதும் உண்டா என்று விசாரித்தேன். அவருக்கு உதவும் என்றுதான் போனேன். சில மாதங்கள் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார். "நீங்கள் என்னைக் காப்பாற்றத்தான் போனீர்கள் என்று தெரியும். ஆனால் அன்றுவரை என் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. நீங்கள் போய்த்தான் தெரிந்தது" என்றார். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டார்.

படத்திலிருந்து "தெரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லெண்ணம் இருந்தால் விதியைத் தாண்டலாம் என்பதையும் கூடவே கற்றிருக்கிறேன். இரண்டாவதை நான் கற்றதாக எனக்கே தெரியாது.

பிப்ரவரி 2

கேட்டவருக்கு நேரடியாக: திரை ஒன்றும் கற்றுத்தரவில்லை என்கிறீர்கள். ஓயாமல் கற்றுத்தருகிறது என்கிறேன். கற்றுக்கொண்டோம் என்று நமக்குத் தெரிகிற பாடம் மறுநாள் காலையில் போய்விடுகிறது, நீங்கள் சொல்வது சரி. தெரியாமல் கற்றது தங்கிவிடுகிறது. நல்லதும் அப்படியே, கெட்டதும் அப்படியே. இதை எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன்.

அப்பாவுக்கு 76 வயதில் நுரையீரலும் சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறாவது நாள் மருத்துவர் என்னைக் கட்டிலருகே நிறுத்திக் கேட்டார்: "இவருடைய இதயம் நின்றால், நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டுமா?" என்ன கேள்வி இது என்று தோன்றியது. கண்டிப்பாகச் செய்யுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அந்த ஒரு கணத்தில் என் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையில் ஒரு நேர்கோடு. நான்கைந்து அழுத்தல், ஒரு மின்னதிர்ச்சி, உடம்பு தூக்கிப்போடுகிறது, கோடு மறுபடி துள்ளுகிறது, நோயாளி இருமிக்கொண்டு கண் திறக்கிறார். நான் பார்த்த நூறு மருத்துவமனைக் காட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து அந்த "கண்டிப்பாக" என்ற சொல்லை என் வாயில் வைத்தன.

மருத்துவர் அவசரப்படவில்லை. பத்து நிமிடம் விளக்கினார். இந்த வயதில், இத்தனை உறுப்புகள் தளர்ந்த நிலையில், மீள்வதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. விலா எலும்புகள் முறியக்கூடும். மீண்டாலும் மூச்சுக்கருவியோடுதான் இருக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு தேடிப் படித்தேன். 1996இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் மூன்று மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். மூன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை உட்கார்ந்து பார்த்து எண்ணியிருக்கிறார்கள். 60 முறை இதயம் மீட்கும் காட்சி வந்தது. அவற்றில் 75 விழுக்காட்டினர் அந்த இடத்திலேயே பிழைத்தார்கள். மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோகிறவர்களில் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர்தான். முதுமையும் பல உறுப்பு நோயும் சேர்ந்தால் அதைவிடக் குறைவு. படித்தபோது கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. மருத்துவர் பேசிய அந்தப் பத்து நிமிடமும் அப்பா விழித்துத்தான் இருந்தார். காது கேட்காது என்பதால் எல்லாரும் அவர் தலைக்கு மேலேயே பேசினோம். மருத்துவர் போனதும் அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குறிப்பேட்டை எடுத்து, "எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்" என்று எழுதிக் காட்டினேன். முகத்தில் ஆக்சிஜன் கவசம் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி அதன் கீழே எழுதினார்:

"நீ கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்."

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது! மருத்துவர் சொன்னதை எல்லாம் எழுதிக் காட்டினேன். இரண்டு பக்கம் ஆயிற்று. பொறுமையாகப் படித்தார். எலும்பு முறியும் என்ற இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். ஆம் என்று தலையசைத்தேன். "வேண்டாம். அம்மாவை வரச் சொல்" என்று எழுதினார். நான்கு நாள் கழித்துப் போனார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இரவெல்லாம் கவலை. அது தீராத நோயில் கடைசி நாட்களில் இருந்த ஒருவரின் கதை. நடந்துபோகிறவர் திடீரென்று விழுந்து, அசைவின்றி, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால் கதையே வேறு. உதவிக்கு ஆளை அழைத்துவிட்டு, உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது ஆழமாக. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய வாய்ப்பைக் குறைக்கிறது.

திரையில் பார்த்ததுபோல் செய்யாதீர்கள். அங்கே முழங்கையை மடக்கி மெதுவாக அழுத்துவார்கள், ஏனென்றால் கீழே படுத்திருப்பது உயிரோடு இருக்கும் ஒரு நடிகர். உண்மையில் முழங்கை நேராக இருக்க வேண்டும். அந்த நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதும் திரையில் மட்டும்தான். துடிப்பு தாறுமாறாக ஓடும்போதுதான் அதிர்ச்சி பயன்படும். கோடு நேராகிவிட்டால் அழுத்திக்கொண்டே இருப்பதும் மருந்தும்தான்.

நீரில் மூழ்குவதும் அப்படியே. திரையில் கையை வீசிக் கத்துவார்கள். உண்மையில் மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. மூச்சு விடவே வாய் நீருக்கு மேல் போதிய நேரம் இருப்பதில்லை, கத்துவதற்கு எங்கே? குழந்தைகளோடு நீர்நிலைக்குப் போகிறவர்கள் சத்தத்தை நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 5

இத்தனை பேர் தங்கள் அப்பாக்களைப் பற்றி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒருவர் மட்டும், "இவ்வளவு பெரிய முடிவை நீங்களும் அப்பாவும் மட்டுமா எடுத்தீர்கள்? உடன்பிறந்தவர் யாரும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறான். ஒரு தம்பி. பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 11

அம்மா பார்க்கும் தொடர்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். குற்றச் செய்திகளை விடாமல் பார்த்த காலத்தில் அவள் இரவில் கதவை மூன்று முறை எழுந்து பார்ப்பாள். ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். அதிக நேரம் தொலைக்காட்சி பார்க்கிறவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாக எண்ணுகிறார்கள் என்பது அவருடைய கருத்து. இப்போது அம்மா குடும்பத் தொடர்களுக்கு மாறிவிட்டாள். கதவு நிம்மதியாக இருக்கிறது.

அந்தத் தொடர்களில் யாராவது ஒருவர் கதவோரம் நின்று பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார். மீதிப் பாதியைக் கேட்க அவருக்கு இருநூறு நாள் ஆகும். நேற்று இரவு அப்படி ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "இவள் நேரே போய் ஒரு வார்த்தை கேட்டால் இந்தக் கதை நாளைக்கே முடிந்துவிடும்." மகள் உடனே, "அப்புறம் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் பாட்டி?" என்றாள். மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தம்பியும் நானும் பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அப்பா "வேண்டாம்" என்று எழுதிய நாளில் அவன் வெளிநாட்டில் இருந்தான். நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். அவன் பதறுவான், வந்து சேரும்வரை எதுவும் முடிவு செய்யாதே என்பான், அப்பாவின் விருப்பத்தை மாற்றிவிடுவான் என்று பயந்து, நிலைமை மோசம், கிளம்பி வா என்று மட்டும் சொன்னேன். அவன் வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். அடுத்த சில நாட்களில் உறவினர் ஒருவர் மூலமாக அவன் காதுக்குப் போனது ஒரே ஒரு வரி: சிகிச்சையை நிறுத்தச் சொன்னது அண்ணன்தான்.

அவன் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் கேட்கட்டும் என்று இருந்தேன்.

பிப்ரவரி 18

கேட்டவர் திரும்ப வந்து, "தொடர் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள், சரி. தம்பியை அழைத்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு இரவு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பக்கம் பேசும் ஒரு படத்தைச் சொல்கிறேன். அகிரா குரோசாவா 1952இல் எடுத்த 'இகிரு'. வாழ்தல் என்று பொருள். முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த ஓர் அரசு அலுவலர் தனக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று அறிகிறார். இருக்கும் சில மாதங்களில் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்டிவிட்டுச் சாகிறார். பெரும்பாலான படங்கள் அங்கே முடிந்திருக்கும். இதில் அவர் இறந்த பிறகும் நெடுநேரம் படம் ஓடுகிறது. இரங்கல் கூட்டத்தில் அவருடன் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள், வாதிடுகிறார்கள், கடைசியில் அழுதுகொண்டே, இனி நாமும் அவரைப்போல் உழைப்போம் என்று உறுதி எடுக்கிறார்கள். மறுநாள் அலுவலகம். மனுக் கொடுக்க வந்தவரை வேறு பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள், பழையபடியே. ஒரே ஒருவர் பொறுக்காமல் எழுந்து நிற்கிறார். எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் உட்கார்ந்துவிடுகிறார். கோப்புக் குவியலுக்குப் பின்னால் அவர் முகம் மறைகிறது.

அந்த இரங்கல் கூட்டத்தில் இருப்பவர்கள் நாம்தான், படம் பார்க்கிறவர்கள். நீங்கள் ஜனவரியில் கேட்ட கேள்வியைக் குரோசாவா படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நான் தேம்பி அழுதேன். வாழ்க்கையை மாற்றிக்கொள்ளப்போகிறேன் என்று நாட்குறிப்பில் தேதி போட்டு எழுதினேன். ஒன்றும் செய்யவில்லை. அந்த வகையில் உங்களிடம் நான் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது மறுபடி பார்க்கும்போது அழுகை வரவில்லை. அந்த ஒருவர் எழுந்து நின்று மறுபடி உட்காரும் இடத்தில் உடம்பு கூசியது. நான்கு இரவாக நான் செய்துகொண்டிருப்பது அதுதான்.

பிப்ரவரி 18, இரவு 11 மணி

அழைத்துவிட்டேன். எடுத்தான்.

பிப்ரவரி 27

என்ன பேசினோம் என்று பலர் கேட்கிறீர்கள். ஏமாற்றமாக இருக்கும். திரையில் மன்னிப்புக்கு ஒரு காட்சி போதும். கண்ணீர், தோளில் கை, அடுத்த காட்சியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் முதல் அழைப்பு நான்கு நிமிடம். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். இரண்டாவது அழைப்பில் குறிப்பேட்டைப் பற்றிச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான். ஆறு நாள் அழைக்கவில்லை. அந்த ஆறு நாட்களை எந்தப் படத்தொகுப்பாளரும் வைத்திருக்க மாட்டார், வெட்டித் தூக்கியிருப்பார். ஒருவேளை அதனால்தான் நாம் நிஜத்தில் இரண்டாம் நாளே மனம் உடைந்துபோகிறோமோ என்னவோ. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே இவ்வளவு நேரம் கிடக்கும் என்று யாரும் நமக்குக் காட்டியதில்லை.

நேற்று அவனே அழைத்தான். "அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?" என்றான்.

மார்ச் 9

தம்பி வந்திருக்கிறான்.

மாலை முழுவதும் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். என்னோடு இரண்டொரு சொல். அம்மா தூங்கப்போன பிறகு கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். பழக்கத்தில் தொலைக்காட்சியைப் போட்டு ஒலியை அணைத்துவிட்டேன். "ஏன் சத்தம் இல்லை?" என்று கேட்டான். அப்பா இப்படித்தான் பார்ப்பார் என்றேன். அவனுக்கு அது தெரியாது. அவன் வெளிநாடு போன பிறகு வந்த பழக்கம்.

குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். நான் எழுதிய பொய் முதல் வரி, அதன் கீழே அப்பாவின் கையெழுத்து, பிறகு என் இரண்டு பக்கம், பிறகு மறுபடி அப்பா. பேனா நடுங்கியிருப்பது தெரியும். தம்பி முதல் பக்கத்திலேயே நெடுநேரம் இருந்தான்.

கேட்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜனவரியில் எழுதியவன் நான்தான். அவன் படித்து முடிக்கும்வரை நான் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு படம். ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பும் ஓசை கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை கேட்டது. பிறகு தம்பி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, திரையைக் காட்டி, "இந்த ஆளுக்கு விஷயம் முன்பே தெரியும்போல் இருக்கிறதே" என்றான்.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.